சொட்டைக்குச் சொட்டு மருந்து

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் என் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவைத் திறக்கிறேன்.

"போன்ல பாதிப் பேச்சு காத்தோட போயிடுது, மெசேஜ்னா தந்தி மாதிரி இருக்கு, தாள்ல எழுதுடா" என்று நீ பிடிவாதமாகச் சொன்னதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு இவ்வளவு நீளமாக எதையும் நான் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே. கோர்ட்டில் சாட்சி சொல்வதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி எடுக்கிறவள் நீ. நான் மூக்குக்கண்ணாடி விற்கிறவன்.

கடையில் ஒரு சங்கதி நடந்தது. வயதான அம்மா ஒருவர் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். மூக்கில் உட்காருகிற குமிழ் அழுத்துகிறது என்றார். நான் அவர் முன்னால் குனிந்து, அதைக் கழற்றிச் சரிசெய்து, திரும்ப மாட்டிவிட்டேன். இன்னும் நிமிரவில்லை. அதற்குள் அந்த அம்மா, "அடடா! எல்லாம் பளிச்சுன்னு தெரியுது தம்பி. உங்க உச்சி மண்டை கூட!" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தவர்களில் கடைசியாக நிறுத்தியவன் நான்தான்.

எங்கள் கடையில் திரும்புகிற பக்கமெல்லாம் கண்ணாடி என்பது உனக்குத் தெரியும். எத்தனை வருடமாக அங்கே நிற்கிறேன், முன்பக்கத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கைக்கண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். அக்கா, அது நான் இல்லை, அப்பா. அப்பாவின் உச்சியை என் கழுத்தில் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது.

தோல் டாக்டரிடம் போனேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் தடவுகிற திரவம் ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

"எத்தனை நாள் போடணும் டாக்டர்?"

"நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் ஏதாவது தெரியும்."

"அப்புறம் நிறுத்திடலாமா?"

"நிறுத்தினா, வந்தது திரும்பப் போயிடும்."

"அப்போ ஆயுசுக்குமா?"

"முடி வேணும்கிற வரைக்கும்" என்றார். சிரிக்கவில்லை. "ஆரம்பத்துல இருக்கிறதும் கொஞ்சம் கொட்டும். பயப்படாதீங்க."

கொட்டுகிறதென்று போனவனிடம் இன்னும் கொட்டும் என்கிறார். வாங்கி வந்த குப்பியைக் குளியலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். சீல் உடைக்கவில்லை. பல் தேய்க்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. என்ன செய்யட்டும், நீயே சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு, உன் தம்பி

ஜனவரி 24

என் அருமைச் சுருட்டைக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே மூன்று பேரும் நல்லபடி இருக்கிறோம். உன் தலையைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று தெரிந்து மகிழ்ச்சி.

கோபிக்காதே. உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோ என்று உன் அத்தான் அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டார். சொட்டைக்குச் சொட்டு மருந்தா! நல்ல பொருத்தம்தான்.

இதிலே யோசிக்க என்ன இருக்கிறது? மயிரைக் கட்டி மலையை இழு. வந்தால் மலை, போனால் மயிர். அந்தப் பழமொழி சொன்னவனுக்குச் சத்தியமாகத் தலை நிறைய முடி இருந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் டாக்டரிடம் போனாய், அவர் பார்த்தார், மருந்தும் வாங்கியாயிற்று. வாங்கின மருந்தை அலமாரியில் வைத்து அழகு பார்த்தால் குணமாகுமா? திற, தடவு, வேலையைப் பார்.

என் பக்கத்துச் செய்தி: கோர்ட் ஹாலில் இருந்து ஆவண அறைக்கு மாறிவிட்டேன். நானாகக் கேட்டு வாங்கியதுதான். பழைய கட்டுகளுக்கு எண் போட்டு அடுக்குகிற வேலை. நாள் முழுக்க மனிதக் குரலே கிடையாது, நிம்மதி. வக்கீல்களின் சத்தத்தை இத்தனை வருடம் கேட்டது போதாதா?

உன் அத்தானுக்கு வயதாகிறது. எதற்கெடுத்தாலும் கத்துகிறார். உப்பு கேட்டாலும் கத்தல், குடை கேட்டாலும் கத்தல். மகளும் அவரைப் பார்த்துப் பழகிக்கொள்கிறாள். சொன்னால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்ல மனநிலையில் சந்திக்கட்டும். என் உடம்புக்குக் குறையில்லை. மனசைக் கேட்காதே.

இன்னும் திறக்கவில்லை. சிரிக்காதே, காரணம் இருக்கிறது. இணையத்தில் தேடிப் படித்தேன். ஒருவன் அற்புதம் என்கிறான். ஒருவன் அரிக்கிறது என்கிறான். இன்னொருவனுக்கு நெற்றியில் முடி முளைத்ததாம், முளைக்க வேண்டிய இடத்தில் முளைக்கவில்லையாம். முதலில் இது ரத்தக் கொதிப்புக்குக் கண்டுபிடித்த மருந்தாம், தெரியுமா? ரத்தக் கொதிப்புக்கும் முடிக்கும் என்ன உறவு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதையாக இருக்கிறது.

அடுத்தது பக்கத்து வீட்டுப் பூனை. ஜன்னல் வழியாக வந்து என் தலையணையில்தான் படுக்கும். இந்த மருந்து பட்டால் பூனைகளுக்கு ஆகாது, உயிருக்கே ஆபத்து என்று படித்தேன். குப்பியோடு வந்த தாளில் இல்லை, வேறு இடத்தில். டாக்டரிடம் கேட்டேன். "ஆமா, பூனையை உள்ள விடாதீங்க" என்றார். என் முடிக்காக ஒரு பூனையை வெளியே தள்ளுவதா? ஜன்னலைச் சாத்தினால் அது வெளியே உட்கார்ந்து, வாடகை தராதவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறது.

எல்லாவற்றையும் விட, ஒரு தடவை தொடங்கிவிட்டால் நான் "மருந்து போடுகிறவன்" ஆகிவிடுவேன். இப்போது எனக்கு வெறுமனே முடி கொட்டுகிறது, அவ்வளவுதான்.

கடைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போகிறேன். உள்ளே எதற்குத் தொப்பி என்று முதலாளி கேட்டார். சளி என்றேன். எத்தனை நாளைக்குச் சளி பிடித்திருக்க முடியும்?

பின்னறையில் லென்ஸ் வெட்டுகிற பெண்ணைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? இல்லை. நான் கொடுக்கிற பிரேமுக்கு ஏற்ப லென்ஸைத் தேய்த்து உட்கார வைப்பது அவள் வேலை. கொஞ்சம் வாய்த்துடுக்கு. அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். அவசரமில்லை. தலை கொஞ்சம் சரியாகட்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன். மருமகளுக்கு முத்தங்கள்.

உன் தம்பி

மார்ச் 3

சுருட்டைக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீ கேட்காத கேள்விக்கு முதலில் பதில்: தலை சரியாகட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேறொருவன் பிரேம் எடுத்துக் கொடுத்துவிடுவான்.

பூனை விஷயத்தில் நீ சொல்வது நியாயம். ஆனால் பூனைக்கு வேறு தலையணை கிடைக்கும். ஜன்னலைச் சாத்து. மற்றதெல்லாம் சாக்கு. உன்னை எனக்குத் தெரியாதா? நீச்சல் கற்றுக்கொள்ளப் போய் ஒரு மாதம் குளத்தங்கரையில் துண்டோடு உட்கார்ந்து வந்தவன்தானே நீ!

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே குப்பியைத் திற. இது அக்காவின் உத்தரவு.

போன வாரம் அத்தானின் அலுவலக நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் என்னவோ சொன்னார். வேடிக்கையான மனிதர் ஆயிற்றே என்று சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் தம் அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். என்மேல் என்ன தப்பு? இப்போதெல்லாம் யார் வாயைத் திறந்து பேசுகிறார்கள்? எல்லாரும் மீசைக்குள்ளேயே பேசுகிறார்கள்.

கண்ட கண்ட இடத்தில் படித்து மூளையைக் கெடுத்துக்கொள்ளாதே. உடம்பு பத்திரம்.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தைக் கேட்டபடி, என் கதையை நேராகச் சொல்கிறேன். தொடங்கிவிட்டேன். உன் உத்தரவு கிடைத்த அன்றைக்கே இல்லை, இரண்டு நாள் தள்ளி.

சொட்டுக் குழாயில் எடுத்து, கண்ணாடி பார்க்காமல் உச்சியில் விட்டேன். சில்லென்று இருந்தது. ஒரு சொட்டு வழிந்து காதுக்குப் பின்னால் இறங்கியது. கண்ணில் போய்விடுமோ என்று முகத்தைக் கழுவினேன். கழுவிய தண்ணீர் தலைக்கும் போயிருக்குமோ என்று இன்னொரு முறை விட்டேன். அளவு கூடிவிட்டதோ என்று துடைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் மருந்து போனதாக நம்பிக்கை வரவில்லை. அன்றைக்கு யார் மூக்குக்கும் நான் பிரேம் மாட்டவில்லை, எல்லாவற்றையும் அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டேன்.

இப்போது கொட்டத் தொடங்கியிருக்கிறது. டாக்டர் சொன்னதுதான். ஆனால் சொல்வது வேறு, தலையணையில் பார்ப்பது வேறு. குளித்தால் வடிகால் அடைத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை கைக்கண்ணாடியைப் பின்னால் பிடிக்கிறேன். லென்ஸ் வெட்டுகிறவள் ஒரு நாள், "கழுத்து வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். பொய் சொன்னதற்குத் தண்டனையாக அதையும் தேய்த்துக்கொண்டேன். தலையில் ஒரு மருந்து, கழுத்தில் ஒரு மருந்து.

நிறுத்திவிடட்டுமா? நிறுத்தினால் கொட்டினது கொட்டினதுதானே? இரண்டு வரி எழுதேன். உன் கடிதம் வந்தால் இரண்டு நாளைக்குத் தைரியமாக இருக்கிறது.

உன் தம்பி

மே 2

அக்காவுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று தெரிகிறது.

போன திங்கட்கிழமை காலையில் நான் உனக்குப் போன் செய்தேன். எழுதச் சொன்னாய், ஆனால் எழுதுகிற நிலையில் நான் இல்லை. மருந்து தடவிவிட்டுச் சட்டை போடும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. உட்கார்ந்தேன், படபடப்பு நிற்கவில்லை. ரத்தக் கொதிப்பு மருந்து என்று படித்தது நினைவுக்கு வந்தது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன், அக்கா. யாரைக் கூப்பிடுவது? உன்னைத்தான் கூப்பிட்டேன்.

நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. ரொம்பப் பயமா இருக்கு."

"படமா? தாராளமாப் பாருடா. தனியாப் போகாதே, யாரையாவது கூட்டிட்டுப் போ."

"அக்கா, விளையாடாதே. என்னால மூச்சு விட முடியலை."

"சரி சரி, பார்த்துட்டு வந்து எப்படி இருந்துதுன்னு எழுது."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

தட்டுத்தடுமாறி இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். தோல் டாக்டரையும் பார்த்தேன். எதற்கும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, திரும்பத் தொடங்கும்போது அளவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். "மருந்தாலயும் வரலாம், மருந்தை நினைச்சு நினைச்சும் வரலாம். ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

என் பயம் உனக்கு வேடிக்கையாக இருக்கலாம். தலையில் நாலு முடிக்காக ஆடுகிறான் என்று நினைத்திருப்பாய். அதை எழுதிச் சொல்லியிருக்கலாம். உயிர் போகிறது என்று கூப்பிட்டவனிடம் அப்படி விளையாடியிருக்க வேண்டாம்.

இனிமேல் எதிர்பார்க்காதே.

தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? நெஞ்சு படபடப்பு திரும்ப வந்ததா? அதை மட்டும் முதலில் எழுது.

அன்றைக்கு எனக்குத் தலைவலி. கவனமில்லாமல் பேசிவிட்டேன். உன்னைக் கேலி செய்யவில்லை. சத்தியமாக இல்லை.

இந்த நாலு வரியை எழுதக் காகிதத்தை எத்தனை முறை கிழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வேறு எழுத வரவில்லை.

உன் அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

என் நெஞ்சு சரியாக இருக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று.

தலைவலிக்காரி சிரிக்கமாட்டாள். நீ சிரித்தாய். எனவே அது பொய். ஏன் பொய் சொல்கிறாய் என்றுதான் தெரியவில்லை.

வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். காது கிழிகிற மாதிரி "அலோ" என்றாள்.

"அம்மாகிட்ட குடும்மா."

"அம்மா போனுக்கு வரமாட்டாங்க மாமா."

"ஏன்? என்மேல கோவமா?"

"நீங்க ஒரு தடவை நேர்ல வாங்களேன்" என்றாள். வேறு எதைக் கேட்டாலும் அதையே திரும்பச் சொன்னாள்.

அக்கா, உனக்கும் அத்தானுக்கும் ஏதாவது சண்டையா? எந்நேரமும் கத்துகிறார் என்று எழுதியிருந்தாய். கோர்ட் ஹால் வேலையை விட்டுப் பழைய கட்டுகளோடு போய் உட்கார்ந்துகொண்டாய். யாரோடும் பேசுவதில்லை போலிருக்கிறது. அவர் உன்னை அடிக்கிறாரா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுது. வண்டி ஏறி வந்துவிடுவேன்.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் கோபத்தைவிட இது பெரிதாக இருக்கிறது.

தம்பி

ஆகஸ்ட் 18

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அதிலேயே நின்றுவிடுவேன்.

உன் அத்தான் பாவம். அவர் என்மேல் ஒரு விரல் வைத்ததில்லை. உன் கடிதத்தை அவரிடமே காட்டினேன். படித்துவிட்டு முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் காது கேட்கவில்லை. மொத்தமாக இல்லை. ஒலி வருகிறது, சொல் வருவதில்லை. எல்லாரும் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி இருக்கும். வாயைப் பார்த்தால் பாதி புரியும். மூன்று சொல் பிடித்தால் மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். அதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். போனில் பார்க்க வாயும் இல்லை. அதனால்தான் உன்னைத் தாளில் எழுதச் சொன்னேன்.

போன வருடம் கோர்ட்டில் ஒரு வழக்கு. மாடிப்படியில் ஒரு ஆள் விழுந்து செத்துப்போனான். தள்ளினார்களா, தவறி விழுந்தானா என்பதுதான் கேள்வி. சாட்சி சொன்ன பெண், "அவங்க தள்ளலைங்க" என்றாள். நான் "தள்ளினாங்க" என்று எடுத்தேன். வாக்குமூலத்தைத் திருப்பி வாசித்தபோது அந்தப் பெண், "ஐயோ, நான் அப்படிச் சொல்லலைங்க!" என்று அலறினாள். நீதிபதி திருத்தச் சொன்னார். என்னைத் திட்டக்கூட இல்லை. வாசித்த நேரத்தில் அவள் கவனிக்காமல் இருந்திருந்தால்? குற்றவாளிக் கூண்டில் நின்றவன் என்னைப் பார்த்த பார்வையை விளக்கி எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே ஆவண அறை கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

காது டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போனேன். நரம்பு தளர்ந்திருக்கிறது, இரண்டு காதுக்கும் மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார். வாங்கினேன். பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். "வாங்கின மருந்தை அலமாரியில் வைத்து அழகு பார்த்தால் குணமாகுமா" என்று உனக்கு எழுதினேனே, அன்றைக்கு அந்தப் பெட்டி அங்கேதான் இருந்தது. உனக்குக் கோபம் வரட்டும். வர வேண்டும்.

காது மிஷின் வைத்தால் கிழவி என்பார்கள். வேலையில் ஒதுக்குவார்கள். இரக்கப்படுவார்கள். அதைத் தாங்கமாட்டேன் என்று நினைத்தேன். கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள் என்பார்களே, நான் அவிழ்த்துவிட்டுக் காதை மூடிக்கொண்டேன். நீ முடி இல்லையென்று மறைத்தாய். நான் முடியை வைத்து மறைத்தேன்.

உன் பெயரைப் போனில் பார்த்ததும் எடுக்காமல் இருக்க முடியவில்லை. "பட" என்பது கேட்டது. அப்புறம் "பயமா" என்றாயாம், எனக்கு அது "படமா" என்று விழுந்தது. சின்ன வயசிலிருந்து நீ படத்துக்குப் போகுமுன் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறவன். நிரப்பிக்கொண்டேன். நீ செத்துக்கொண்டிருப்பதாக நினைத்த நேரத்தில், நான் உன்னைப் படம் பார்க்க அனுப்பியிருக்கிறேன்.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்தபோது கை கால் ஓடவில்லை. அப்படியும் தலைவலி என்று பொய் எழுதினேன் பார், அதுதான் பயம் செய்கிற வேலை. ஜூலையில் நீ அத்தானைச் சந்தேகித்து எழுதினாய். என் பொய்க்கு அவர் பழி சுமப்பதா? பெட்டியைப் பிரித்தேன்.

மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அத்தான், "குடை எங்கே?" என்றார். இடி இடித்த மாதிரி இருந்தது. "ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றேன். மகள் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் என் பக்கத்தில் வந்து, தலைமுடியை விலக்கிக் காதைப் பார்த்தார். "எப்ப வாங்கினே?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரலை நான் கேட்டு இரண்டு வருடம் இருக்கும்.

அவர்களுக்கு முன்பே தெரியும். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு எனக்காகக் கத்தியிருக்கிறார்கள். "நீயே சொல்லுவேன்னு காத்திருந்தோம். நாங்க கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார். நான் நாடகம் போட, வீடே சேர்ந்து நடித்திருக்கிறது. கத்திக் கத்திப் பழகி, இப்போது அவர்களுக்கு மெதுவாகப் பேச வரவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா? தலை என்ன சொல்கிறது? எல்லாம் எழுது. மன்னிக்க முடிந்தால் அதையும் எழுது.

உன் அக்கா

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நெஞ்சும் நலம். அத்தானிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள், மெதுவான குரலில்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். "படமா" என்ற இடத்தில் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கஸ்டமர் ஒருவர் பிரேமைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கவுண்ட்டருக்குப் போய்விட்டார். மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? எத்தனை பேர் என்னிடம் கண்ணாடி வாங்கி, கடை வாசல் தாண்டியதும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள் தெரியுமா? உள்ளேயிருந்து பார்த்துச் சிரிப்பேன். சொந்த அக்கா விஷயத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

என் தலையைக் கேட்டாய். மருந்தைத் திரும்பத் தொடங்கி, டாக்டர் சொன்ன குறைந்த அளவில் போடுகிறேன். கொட்டுவது நின்றிருக்கிறது. உச்சியில் பூனைமயிர் மாதிரி கொஞ்சம் தெரிகிறது. முன்நெற்றியில் ஒன்றுமில்லை. "இவ்வளவுதானா டாக்டர்?" என்றேன். "இவ்வளவு வந்ததே நல்லது" என்றார். சில நாள் சரிதான் என்று தோன்றுகிறது. சில நாள் எதற்கு இந்தப் பாடு என்று தோன்றுகிறது. ஜன்னலுக்கு வெளியே பூனை வேறு. கைக்கண்ணாடியை இன்னும் விட முடியவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று செய்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த சூட்டோடு பின்னறைக்குப் போனேன். லென்ஸ் தேய்க்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தினாள்.

"என்ன, பிரேம் மாறிடுச்சா?"

"இல்லை. உங்களைக் கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன். என்கூட ஒரு நாள் வெளியே வர்றீங்களா?"

"இதைக் கேக்கவா இத்தனை மாசம்?"

"தலை கொஞ்சம் சரியாகட்டும்னு..."

அவள் தன் மேசைக்கு எதிரே இருந்த சின்ன ஜன்னலைக் காட்டினாள். அது வழியாகக் கடையைப் பார்க்கலாம். "நீங்க நாள் முழுக்கக் குனிஞ்சுதான் வேலை செய்றீங்க. இங்க உக்காந்தா எனக்குத் தெரியறதே உங்க உச்சிதான். முகத்தைச் சாப்பாட்டு நேரத்துலதான் பாக்கறேன். தொப்பி போட்டதும்தான் அடையாளம் தெரியாமப் போச்சு" என்றாள்.

"அப்போ பதில்?"

"ஞாயித்துக்கிழமை தொப்பி இல்லாம வாங்க. சொல்றேன்."

போனேன். வெயில் உச்சியில் சுட்டது. சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை அடுத்த மாதம் நேரில் வந்து அவளையே சொல்லச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் இடம் இருக்குமா?

உன் சுருட்டை (பழைய கணக்கில்)

அக்டோபர் 7

என் தம்பிக்கும், தம்பியோடு வரப்போகிறவளுக்கும்,

இரண்டு பேருக்கும் இடம் உண்டு. இங்கே எல்லாரும் சுகமாகவும் கொஞ்சம் சத்தமாகவும் இருக்கிறோம். உன் கடிதத்தை அத்தானே எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கேட்டேன்.

நேற்று நடந்ததை உடனே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கோர்ட் ஹாலுக்குத் திரும்ப எழுதிக் கொடுத்திருந்தேன். வைத்துப் பார்ப்போம் என்று ஒரு நாள் உட்காரச் சொன்னார்கள். கூந்தலை இறுக்கி அள்ளிக் கொண்டை போட்டேன். மிஷின் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. பழைய வக்கீல் ஒருவர் என் காதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மின்விசிறிச் சத்தம், காகிதச் சத்தம், பின்வரிசை இருமல், எல்லாம் ஒன்றாக வந்து மோதின. டாக்டர் சொல்லியிருந்தார், கூட்டத்தில் சிரமமாகத்தான் இருக்கும் என்று. ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

ஒரு கிழவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். பல் இல்லை, வாய்க்குள்ளேயே பேசினார். முதல் இரண்டு பதில் வந்தது. மூன்றாவது வரவில்லை. பழைய வழக்கப்படி நிரப்பிக்கொள்ள மனசு ஓடியது. "வந்தாரு" என்று சொல்லியிருப்பார், வேறென்ன சொல்லப்போகிறார்? விரல் எழுதவும் போய்விட்டது.

நிறுத்தினேன். எழுந்து நின்றேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். உனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதே, அது என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மன்னிக்கணும் ஐயா. எனக்குக் காது சரியாக் கேக்காது. சாட்சி சொன்னது விளங்கலை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார்.

"நல்லவேளை கேட்டீங்கம்மா" என்றார். "எனக்கும் விளங்கலை."

அந்தப் பழைய வக்கீல்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். கிழவரும் பொக்கை வாயால் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, நிதானமாக, என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னார்.

அவர் "வந்தாரு" என்று சொல்லவில்லை. "வரலை" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும் கேட்டதாகச் சொல்.

அக்கா